ஏழாம் கேள்வி

பிஷப் அலுவலகம் அனுப்பிய படிவத்தில்
ஏழாம் கேள்விக்கு மட்டும் அரைப்பக்கம் காலியிடம்:
"அழைப்பை எப்போது, எப்படிக் கேட்டீர்கள்?"
மூன்று நாளாய் அடுப்படி மேசையில் கிடக்கிறது.
காப்பிக் கறையொன்று
எனக்கு முன்பே பதில் எழுதிவிட்டது.

ரெய்க்யவிக்கில் என்னோடு படித்த ஆஸ்கெல்
மருத்துவமனை நடைவழியில்
தன் பெயர் ஒலிக்கக் கேட்டானாம், இருமுறை.
பொய் சொல்பவன் அல்லன்.
என் காதுக்கு எட்டியதெல்லாம் காற்று.
இந்த வடகிழக்குக் கரையில் அது ஓயாமல் பேசும்,
எதையும் சொல்லாது.

எழுத ஒன்றே ஒன்று இருக்கிறது.
போன செப்டம்பர்.
கோடை முழுதும் மலையில் திரிந்த ஆடுகளை
இறக்கிக்கொண்டு வந்தோம், நானும் தம்பி ஹால்ப்யோர்னும்.
காதுமடலில் எங்கள் பண்ணைக் குறி வெட்டிய
நூற்று நாற்பது உருப்படி.
ஆற்றைத் தாண்டியதும் பனி கொட்டத் தொடங்கிற்று.
ஐந்தே நிமிடம், என் கையுறை எனக்குத் தெரியவில்லை.
நாய் காலோடு ஒட்டிக்கொண்டது.
தம்பியைக் கூப்பிட்டேன்; வாய்க்குள் பனி.
போதகராகப் போகிறவள் ஜெபித்திருக்க வேண்டும்.
நான் திட்டினேன்.
யாரை என்று கேட்காதீர்கள்.

மோரா நகர்ந்தாள்.
பழுப்பு நிறத்தாள், மெலிந்த காலினள், ஒற்றைக்கொம்பு ஒடிந்தவள்,
முன்னோடி ஆடுகளின் வம்சம்.
கறிக்கு ஆகாது, கம்பளிக்கும் ஆகாது,
வழிக்கு ஆகும் என்பார் அப்பா.
புயலுக்குள் முகத்தைக் கொடுத்து நடந்தாள்.
மந்தை அவள் பின்னே கயிறாய் நீண்டது.
கயிற்றின் கடைசி நுனியில்
கோலை ஊன்றியபடி நான்,
மேய்ப்பவள் என்ற பெயரோடு.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
என் பெயரைச் சொல்லவில்லை.
குளம்புத் தடம் ஒவ்வொன்றும்
நான் மிதிக்குமுன் பாதி நிரம்பியிருந்தது.
மீதிப் பள்ளம் போதுமாயிருந்தது.

ஆட்டுக்குட்டியே மேய்ப்பராகும் வசனத்தைக்
கிரேக்க மூலத்தோடு தேர்வில் எழுதி
நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான்.
அன்று
அந்த வசனத்தின் வால்பக்கத்தைப் பார்த்தபடி
நான்கு மணி நேரம் நடந்தேன்.

பட்டியில் எண்ணினோம்.
நூற்று முப்பத்தெட்டு.
தம்பி நோட்டில் குறித்து மூடிவைத்தான்.
மற்ற இரண்டையும் பனி உருகியபின் கண்டோம்,
ஒரு பாறையோரம்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து.
இதையும் எழுத வேண்டுமா?
தொலைந்த ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றி
என்றாவது நான் பிரசங்கித்தால்
இந்த இரண்டும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்.
அவை தலையாட்டப் போவதில்லை.

வெளியே படல் ஆடுகிறது, யாரோ முட்டுகிறாள்.
பேனாவைத் திறக்கிறேன்.
'கேட்கவில்லை' என்று தொடங்குகிறேன்.