நூறு வோல்ட்

உக்கடத்தில் ஞாயிற்றுக்கிழமை.
தார்ப்பாய் மேல் இரண்டு பெட்டிகள்.
ஒன்று சாம்பல்.
இன்னொன்றும் சாம்பல்தான், மஞ்சளேறிவிட்டது,
பல் தேய்க்காதவன் சிரிப்பு மாதிரி.
"எதை எடுத்தாலும் மூவாயிரமுங்க," என்றார் சிக்கந்தர்.
"ரெண்டும் ஒண்ணுதான். கேம் ஆடுற பெட்டி."

ரெண்டும் ஒன்றில்லை.
திருப்பூரில் பதினோரு வருஷமாக
கழுத்துக்கு உள்ளே தைக்கிற துண்டுத் துணியைச்
சரிபார்ப்பவள் நான்.
எந்தப் பனியனுக்கும் முன்பக்கம் எனக்குத் தெரியாது.
ஜெர்மனியில் எம் என்றால் ஜப்பானில் எல்.
மாறிப்போனால் கன்டெய்னரே திரும்பி வரும்.
அதனால் இரண்டையும் கவிழ்த்தேன்.

வெள்ளைக்காரப் பெட்டி இருநூற்று முப்பது வோல்ட்.
நம் சுவரில் அப்படியே சொருகலாம்.
மஞ்சள் பெட்டியில் பொடிப்பொடியாக ஜப்பான் எழுத்து.
அதில் ஒன்று மட்டும் தெரியும்:
லேபிளில் இந்தியாவுக்கு அடுத்து வருமே,
'செய்தது' என்று அர்த்தம்.
ஆள் தெரியாத கல்யாணத்தில்
பந்தியில் எதிரே நம் லைன் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்த மாதிரி.
அடாப்டரில்
நூறு.

கூடையில் ஏழு கேம் கட்டைகள்.
ஒன்று அமெரிக்கா. செங்கல் போலச் சதுரம்,
இரண்டு பெட்டியிலும் இறங்காது.
மற்ற ஆறும் ஜப்பான்.
அவை வெள்ளைக்காரப் பெட்டிக்குள்ளும் இறங்கும்,
ஒழுங்காக உட்காரும்,
படம் மட்டும் வராது.
உள்ளே ஒரு சில்லு காவலுக்கு நிற்கிறது,
வாடகைக்கு வீடு கேட்கப் போனால்
எந்த ஊரு, நீங்க என்ன ஆளுங்க என்பாரே,
அவர் மாதிரி.

"ஓட்டியே காட்டறனுங்க" என்று சிக்கந்தர்
ஜப்பான் வயரை எடுத்தார்.
தட்டைக் கால்கள். நம் பலகையிலும் போகும்.
போகும் என்பதுதான் ஆபத்து.
"போடாதீங்!"
நான் போட்ட கத்தலில்
பக்கத்துக் கடை மிக்சிக்காரர் ஸ்விட்சை அணைத்தார்.
ஓட்டிப் பார்க்காத பெட்டிக்கு ஓட்டிப் பார்க்காத விலை.
இரண்டாயிரத்து இருநூறு. ஆறு கட்டைகளும் சேர்த்து.
சதுரத்தை அவரிடமே விட்டுவிட்டேன்.

கணபதியில் அர்த்தநாரி
போர்வெல் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர்.
"நூறா? அது யாரு ஊட்டுக் கரண்டுங்?" என்றார்.
மறு ஞாயிறு தந்தார்.
ஒன்றேகால் கிலோ, பெட்டியைவிடக் கனம்.
"நடுவுல மைனசு வருதே, பார்த்தீங்களா?
மாத்திக் கீத்திக் குடுத்துறாதீங்க."
திருப்பூர் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

அறையில் பினிதா.
ஒடிசாக்காரி, ஓவர்லாக் மெஷின்.
டிவிக்குப் பின்னால் தலையை விட்டு
மஞ்சள் வயரை அவளே சொருகினாள்.
வந்தது.
கறுப்பு வெள்ளையாக வந்தது,
ஏறி ஏறிப் போனது.
எங்கள் டிவி நொடிக்கு ஐம்பது, அது அறுபது.
இதை நான் பார்க்கவில்லை.
லேபிளில் இல்லாததை
நான் எப்போதும் பார்ப்பதில்லை.
பினிதா பின்பக்கத் திருகாணியைப் பல்லைக் கடித்துத் திருப்ப
படம் நின்றது, தலை கொஞ்சம் வெட்டுப்பட்டு.
நிறம் கடைசி வரை வரவில்லை.

மூன்றாவது கட்டையில்
யாரோ விட்டுப்போன ஆட்டம் இருந்தது.
மூன்றெழுத்தில் ஒரு பேர்.
பக்கத்தில் நாற்பத்தொன்று, அது நேரமா, நிலையா?
கட்டைக்குள் பட்டன் பேட்டரி
இன்னும் அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
பினிதா எதையோ அமுக்கினாள்.
ஒரு கட்டம் விரிந்தது,
உள்ளே இரண்டு வரி.
ஒன்று தொடர், ஒன்று அழி என்று இருக்கலாம்.
இரண்டிலும் 'செய்தது' இல்லை.

அம்பு மேல்வரியில் துடிக்கிறது.
"தீதீ, ஊப்பரா, நீச்சேவா?" என்கிறாள்,
அவள் பாதி, நம்ம வா பாதி.
நாளைக்கு எட்டரை ஷிப்ட்.
டிரான்ஸ்பார்மர் லேசாக முனகுகிறது.
தொட்டுப் பார்த்தேன்,
சூடு, ஆனால்
பொறுக்கிற சூடுதான்.