புழுவின் பாத்தியதை

என்னிடம் மூன்றாம் தொகுதி.
லூவன் நகரில், ஓடிலோன் வெர்ஹாகேயிடம் நான்காவது.
மற்றவை எரிந்தனவா, எவர் வீட்டில் கதவுக்கு முட்டாய் நிற்கின்றனவா,
இருவருக்கும் தெரியாது.

ரோமச் சட்டம். லியோனில் அச்சானது.
பன்றித்தோல் அட்டை, கொக்கி ஒன்று போய்விட்டது.
நடுவில் கைக்குட்டை அளவு மூலம்,
நாற்புறமும் உரை, உரைக்கு உரை,
அதற்கும் வெளியே
எவனோ மையால் வரைந்த ஒரு கை
சுட்டுவிரல் நீட்டுகிறது: இங்கே பார்.

பார்த்தால், தேனீக்கள்.
உன் கூட்டிலிருந்து கிளம்பிய கூட்டம்
உன் கண்ணில் படும்வரை உன்னுடையது.
மறைந்தால்
பிடித்தவனுடையது.

பதினோரு வருடம் எழுதிக்கொண்டோம்.
நான்காவதை விற்பீர்களா?
மதிப்புக்குரிய அம்மையீர்,
மூன்றாவதைக் கேட்கத்தான் நானும் பேனா எடுத்தேன்.
ஒரு வருடம், நான் கேட்ட விலைக்குக் கீழே
என் கணவர் இறந்ததையும் குறிப்பிட்டேன்.
நான்கு வரி அனுதாபம் எழுதினார்.
ஐம்பது யூரோ ஏற்றியிருந்தார்.

பிறகு ஒரு மார்ச் மாதம்:
என் தொகுதியின் கடைசித் தாள்களில் ஒரு புழுத்துளை,
பின்னட்டையையும் துளைத்து வெளியே போகிறது.
உங்களுடையதைப் பாருங்கள்.

என் கடைசித் தாள்களில் ஒன்றுமில்லை.
முதுகு தெரிய அலமாரியில் நின்றால்
மூன்றின் முன்னட்டைதான்
நான்கின் பின்னட்டையை உரசும்
என்று உறைக்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ரோசன்டால் ரயில் நிலையம், காபிக் கடை.
அவர் தன் கையெழுத்தைவிடக் குள்ளம்.
மேசையைத் துடைத்து, துண்டு விரித்து,
இரண்டையும் தோளோடு தோள் நிறுத்தினோம்.
வயலின் தந்தி கொண்டுவந்திருந்தார்.
என் நாற்பது தாள், என் அட்டை,
அவர் அட்டை, அவர் ஒன்பது தாள்:
தடங்கலில்லாமல் போயிற்று.

'உடைமை' என்ற சொல்லில் போய் நின்றிருந்தால்
நன்றாயிருந்திருக்கும்.
வெற்று விளிம்பில் நின்றது.

இருவருக்கும் பேச்சு வரவில்லை.
கிரயம் கொடுக்கவில்லை, பத்திரம் எழுதவில்லை,
இரண்டையும் ஒரே நிலமாய்
ஆண்டு அனுபவித்திருக்கிறது ஒரு புழு,
வில்லங்கம் ஏதுமின்றி.
அதன் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க
எந்த வக்கீலாலும் முடியாது.
நெடுநாள் அனுபவித்தவனுக்கே பாத்தியதை என்று
அது தின்ற பக்கங்களே சொல்கின்றன.

பணிப்பெண் கேட்டாள், வேறு ஏதாவது வேண்டுமா?
வேண்டாம் என்றார் அவர்.
நான் பில்லைப் பாதியாகப் பிரிக்கச் சொன்னேன்.

அவரவர் தொகுதியை அவரவர் துண்டில் சுற்றினோம்.
அவருக்குத் தெற்கே போகும் வண்டி இன்னும் வரவில்லை.
என்னுடையது முதலில் கிளம்பியது.
ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்து
அவர் மடியிலிருந்த பையை
கண்ணில் படும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்,
சட்டத்துக்காகத்தான்.

வண்டி வளைந்தது.