ஒன்றாம் இடத்தில் யாருமில்லை

நவம்பர். சார்ப்ருக்கன்.
கடைசிச் சில்லறையை எண்ணிப் போடுகிற
பீச் மரங்களுக்கு நடுவே
பல்கலைக்கழகத்துக்கு ஏறுகிறது பஸ்.

மொழியியல் படிக்க வந்தேன்.
பைதான் கட்டாயப் பாடம் என்றார்கள்.
செவ்வாய்க்கிழமை, எட்டேகால், அடித்தள அறை.
எல்லாம் தெரிந்த மாதிரி முனகுவது
ஹீட்டர் மட்டும்தான்.

முதல் வாரம் திரையில்
எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று.
பொய், என்றேன் மனசுக்குள்.
எட்டாம் வகுப்பு ராஜம்மாள் டீச்சர்
இதற்கு முட்டை போட்டிருப்பார்.
மூன்று நாள் கழித்து
விடுதிச் சமையலறையில்
ரசத்துக்குப் புளி கரைக்கும்போது பிடிபட்டது:
அது சமமே இல்லை, வியங்கோள்.
எக்ஸ் ஆகுக. ஒன்று கூடுக.
வாழ்க, வருக, ஒழிக மாதிரி
வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடுகிற வினை.
புளி கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

இரண்டாம் வாரம்
பூஜ்யத்திலிருந்து எண்ணு என்றார்கள்.
அதில் தகராறில்லை.
லிஃப்டில் பூஜ்யத்தை அழுத்தினால்தான்
எனக்குத் தெருவே.
தகராறு கீபோர்டில்.
ஜெர்மன் பலகையில் சதுர அடைப்புக்குறிக்கு
வலப் பெருவிரலை ஒரு மூலையில் ஊன்றி
எட்டை எட்டிப் பிடிக்க வேண்டும்.
மூடுவதற்கு ஒன்பது.
ஒவ்வொரு பட்டியலும் ஒரு சுளுக்கு.

இன்று ஜோடிப் பயிற்சி.
பக்கத்தில் ஃபின்யா ஹோல்ஸ்,
ஈரக் குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு.
பெயரைக் கேள்.
இடைவெளி வருமிடத்தில் உடை.
முதல் சொல்லுக்கு வணக்கம் வை,
அடுத்த சொல்லை நூலக அட்டையில் எழுது.
பதினோரு வரி. இரண்டு பேர். முக்கால் மணி நேரம்.

அவள் பெயரைத் தட்டினாள்.
வணக்கம் ஃபின்யா, என்றது.
அட்டையில் ஹோல்ஸ்.
நாங்கள் எழுதிய ஒன்று
ஓர் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்
இருவருக்கும் அசட்டுச் சிரிப்பு.

என் முறை.
செங்கமலம். எண்டர்.

சிவப்பு.
நாலு வரிச் சிவப்பு.
கடைசி வரி:
நீ கேட்கும் இடம் பட்டியலுக்கு வெளியே.

பூஜ்யத்தில் நான் இருக்கிறேன்.
ஒன்றாம் இடத்தில் யாருமில்லை.

விசாவில் அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு.
பேங்க் அட்டையில் செங்கமலம் செங்கமலம்,
காது கேளாதவளைக் கூப்பிடுகிற மாதிரி.
அப்பா எங்கே என்றால்
அருப்புக்கோட்டையில், என் பெயருக்கு முன்னால்,
ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாக இருக்கிறார்.
இங்கே புள்ளிக்கு வேறு வேலை.

டியூட்டர் மிர்கோ எட்டிப் பார்த்தான்.
சும்மா ஏதாவது இன்னொரு சொல் போடேன்,
டெஸ்ட்தானே, என்றான்.
நல்லவன்தான்.
வந்த நாளிலிருந்து எல்லாப் படிவத்திலும்
சும்மா ஏதாவது போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்
என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

மறுபடி மேலிருந்து படித்தேன்.
தப்பு என் பெயரில் இல்லை.
எட்டாம் வரியில்.
எல்லாரிடமும் இரண்டு இருக்கும் என்று
அது நம்பிவிட்டது.
எழுதியது நான்தான்,
போன கால்மணி நேரத்தில், என் கையால்.

சொல் ஒன்றே ஒன்று என்றால்.
தமிழில் இந்த 'ஆல்' வாக்கியத்தின் வால்.
இங்கே அதைத் தலையில் கட்ட வேண்டும்:
இஃப், பிறகு நிபந்தனை, பிறகு முக்காற்புள்ளி.
முக்காற்புள்ளியை விட்டேன், சிவப்பு.
உள்ளே தள்ளி எழுத மறந்தேன், சிவப்பு.
பெருவிரல், எட்டு, ஒன்பது.
எண்டர்.

வணக்கம் செங்கமலம்.
அட்டையில் செங்கமலம்.
கோடில்லை. இரட்டிப்பு இல்லை.

ஃபின்யா மேசையில் ஒரு தட்டு தட்டினாள்.
மிர்கோ அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.
இந்த அளவு நிம்மதியாக
நான் யாரிடமும் பெயர் சொன்னதில்லை,
அதுவும் ஒரு ஓட்டை லேப்டாப்பிடம்.

குடையை எடுத்தபடி அவள் கேட்டாள்:
ஒன்றுமே தட்டாமல் எண்டர் அடித்தால்?

அடித்தேன்.
சிவப்பு.

பெயரே சொல்லாமல் வந்து நிற்பவருக்கு
எப்படி வணக்கம் வைப்பது?
பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்.
அவள் குடையைக் கீழே வைத்தாள்.