இடது முன் சில்லு

ஸ்ரேறிங்கை நேராய்த்தான் பிடித்திருக்கிறேன்.
கார்தான் இடப்பக்கம் போகப் பார்க்கிறது,
பெற்றோல் முள்ளும்
ஆரோ ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சுகிற மாதிரி இறங்குகிறது.

ரோட்டில் பிழை என்றேன். மாரி தின்ற ரோட்டு.
பிறகு ரயரில்.
பிறகு காற்றடித்த பொடியனில்.
லீசிங்காரன் தவணை கேட்டு எடுத்த நாளில்
சனியில் பிழை.

கல்முனை ஆஸ்பத்திரியில் பின்னேர டியூட்டி முடித்து
என்னோடு வரும் மூன்று நேர்ஸ்மாரில்
பெனடிற்றாதான் முதலில் மூக்கைச் சுழித்தாள்.
"அக்கா, அயன் பெட்டிய மறந்துவிட்ட சீலை மணம்."
ஆரும் குப்பை எரிக்கிறாங்கள் என்றேன்.
அந்த மழையில்.

பெரியநீலாவணையில் நிற்பாட்டச் சொல்லி இறங்கினாள்.
புறங்கையை
வலது முன் சில்லுக்குக் கிட்டக் கொண்டுபோனாள், தொடவில்லை.
பின்னால் இரண்டுக்கும் அப்படியே.
இடது முன்னில் கையை வெடுக்கென்று இழுத்தாள்.
குடைக்கம்பியிலிருந்து ஒரு துளி நட்டில் விழுந்து
ஸ் என்றது. விழுந்த இடம் தெரியவில்லை.
"இதுக்குக் காய்ச்சல்.
மற்ற மூண்டும் சுகம்."

விடியவே மருதமுனை, முஸம்மிலின் கராஜ்.
ஜக் வைத்துத் தூக்கிச் சில்லைச் சுற்றினால்
காற்றாடி மாதிரிச் சுற்றுகிறது.
டொக்டரைக் கண்டதும் பல்வலி போனவளின் வெட்கம்
எனக்கு.

அவர் சிரிக்கவில்லை.
மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். பெயாரிங் ஆடவில்லை.
"ஏறி பிறேக்க மிதிங்க. இன்னொருக்கா.
உடுங்க."
விட்டேன்.
இப்போது சுற்றினார். இரண்டு கையாலும்.
சில்லு அசையவில்லை.

பிஸ்டன் கறள் பிடித்திருக்கும், கடற்காற்று என்றேன்,
எனக்கும் நாலு விசயம் தெரியும் என்று காட்ட.
அவர் கலிப்பரில் காற்றெடுக்கிற நிப்பிளை
கால் சுற்றுத் தளர்த்தினார்.
கறுத்த ஓயில் சீறிச் சாரத்தில் பட்டது.
சில்லு, ஒன்றுமே நடக்காத மாதிரி,
சுற்றியது.

"பிஸ்டன்ல பிழையில்ல."
றப்பர் ஹோஸைக் கழற்றி
ஆக்சோ பிளேட்டால் நெடுக்கப் பிளந்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
வெளியே ஒரு கீறல் இல்லை.
உள்ளே வீங்கி, ஊசி போகிற ஓட்டை.
காலின் பலத்துக்கு ஓயில் போய்விடும்.
திரும்பி வர, பின்னால் நின்று தள்ள ஆளில்லை.
இராமுழுக்கக் கசிந்து கசிந்து வரும்.
விடியும்போது சில்லு பச்சைப்பிள்ளை.

நான் அந்த றப்பர்த் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"மத்தப் பக்கமும் மாத்துவம். ஒரே வயசு" என்றார்.
கண்ணாடியாய் மினுங்கிய பாட்டுகளை எறிந்தார்.
மிதி, பிடிச்சுக்க, உடு.
மிதி, பிடிச்சுக்க, உடு.
போத்தலில் குமிழி நிற்கும்வரை
என் வலக்கால் அவர் சொற்படி.

கோட்டைக்கல்லாற்றுப் பாலத்து இறக்கத்தில்
நியூட்டரில் விட்டுப் பார்த்தேன்.
நிற்க மனமில்லாமல் போய்க்கொண்டிருந்தது கார்.

சொல்லாமல் விட்டது ஒன்று.
மாரி தொடங்கினதிலிருந்து
ஒழுங்கையில் ஆருக்கும் சொந்தமில்லாத செங்காரி நாய்
இரவு நான் காரை விட்டதும் வந்து
இடது முன் சில்லோடு முதுகை ஒட்டிப் படுக்கும்.
வேறு சில்லுக்குப் போகாது.
என்னில் வாரப்பாடு என்று நினைத்து
நாள் தவறாமல் மீன்தலை வைத்தேன்.

அன்றிரவும் வந்தது.
இடது முன்னில் மூக்கை வைத்தது, எடுத்தது.
பெனடிற்றாவைப்போல
ஒவ்வொன்றாய் நாலையும் பார்த்தது.
பிறகு என்னை.
மீன்தலையைத் தின்று முடித்து
மழைக்குள் இறங்கி, அவசரமில்லாமல்,
சந்திப் பேக்கரியின் போறணைச் சுவரடிக்குப்
போய்விட்டது.