நோக்கம்

கடலைக்கொல்லையைப் பன்றி உழுதுவிட்டுப் போனது.
மாமனார் துப்பாக்கியில் பழகினேன்:
முப்பது எட்டில் வைத்த பானையை
ஒன்பது தோட்டாவும் விட்டு விலகின.

"உள்ளங்கை ரெண்டையும் சேத்து சந்து விடுங்க.
அந்தா, அந்தப் பாய்மரத்தப் பாருங்க"
என்றார் கடைக்கார மஸ்தான்.
வலக்கண்ணை மூடினேன். இருந்தது.
இடக்கண்ணை மூடினேன்:
வாலிநோக்கம் கடலில்
மரமுமில்லை, வள்ளமுமில்லை.

நாற்பத்தாறு வருசம்
சோறும் கையெழுத்தும் வலது.
பார்த்ததெல்லாம் இடதாம்.
ஒரே வீட்டில் பேசாமலே குடியிருந்திருக்கிறார்கள்.

இடப்பக்கம் போல்ட் வைத்தது
எட்டாயிரம் கூட. வாங்கிவிட்டேன்.
தோளில் இன்னும்
அடுத்த வீட்டுப் பிள்ளைபோல் நெளிகிறது.

நேற்று உடைமரத்தடியில் வந்து நின்றது பன்றி.
விசையில் இடது விரல். மூச்சைப் பிடித்தபடி
யோசித்துக்கொண்டே இருந்தேன்,
இரண்டில் எந்தக் கண்ணால்
அது என்னைப் பார்க்கிறதென்று.