எழுபத்திரண்டு மணி

போஸ்னானிலிருந்து மொண்டெவிடியோ எவ்வளவு தூரம் போக்னா
என்று ட்ராம் பணிமனையில் கேட்டார்கள்.
பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் இருக்கும் என்றேன்.
முப்பத்தொரு வருஷம் ஐந்தாம் தடத்தில் ஓட்டியவள் நான்.
தூரமென்றால் எனக்கு நிறுத்தங்கள்தான்.
எத்தனை நிறுத்தம், சொல்லேன் என்றான் ஒரு குறும்பன்.
மூன்று.
மூன்றாவதில் நான் இறங்க வேண்டும்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்.
மருத்துவமனையின் பின்வாசலில்
ஒரு நீலப் பெட்டி, காகிதக் கட்டு, கையெழுத்து.
பெட்டிக்குள் ஒரு பை,
தண்ணீர் சேர்த்த தக்காளிச் சாற்றின் நிறம்.
யாருடைய எலும்பிலிருந்து வந்தது, தெரியாது.
யாருடைய எலும்புக்குப் போகிறது, அதுவும் தெரியாது.
இரண்டு எண்கள், நடுவில் நான்.
நகரமன்றக் கோபுரத்தில் இந்நேரம்
தகர ஆடுகள் வெளியே வந்து முட்டத் தொடங்கியிருக்கும்.
வேடிக்கை பார்க்க வந்தவர்கள்
வாய்விட்டு எண்ணுவார்கள்.
நான் பின்னிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

எழுபத்திரண்டு.

பிராங்பேர்ட்டில் ஓடினேன்.
மட்ரிட்டில் கதிர்ப்பெட்டிக்குள் விடமாட்டேன் என்று
காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றேன்,
கண்ணாடி போட்ட பெண்காவலர் இரண்டு தடவை படித்தாள்,
மூன்றாம் தடவை படிக்கும்போது உதடு அசைந்தது.
பிறகு பெட்டியைத் தொடாமல்
கையால் வழி காட்டினாள்.

நள்ளிரவு விமானம். பன்னிரண்டு மணி நேரம்.
மது கூடாது. தூக்கம் கூடாது.
பக்கத்து இருக்கையில் ஆட்டு வைத்தியர் ஒருவர்,
காலடியில் என்ன, பாலாடைக்கட்டியா என்றார்.
ஆமாம் என்றேன்.
வாசனையே இல்லையே என்றார் வருத்தமாக,
உடனே தூங்கிப்போனார்.

முன்திரையில் ஒரு குட்டி விமானம்.
அதன் இறக்கை நிழலில் ஒரு தேசமே அடங்கிவிடும்.
மீதித் தூரம் 6,214. மீதித் தூரம் 6,201.
பெட்டியின் வெப்பமானி 4.6.
எனக்கு 4.6 போதும்.
கடலுக்கு மேல் எங்கேயோ
கடிகாரத்தை ஐந்து மணி பின்னால் தள்ளினேன்.
ஐந்து மணி லாபம் என்று ஒரு நொடி
பைத்தியம் மாதிரி சந்தோஷப்பட்டேன்.
பைக்குள் இருப்பவற்றுக்கு
முள்ளைத் திருப்பிய சங்கதி எட்டவில்லை.
அவை பாட்டுக்குச் செத்துக்கொண்டிருந்தன,
ஒவ்வொன்றாக, ஒழுங்காக.

இறங்கும்போது காலை ஏழு.
ஊரில் ஆடுகள் மறுபடி முட்டும் நேரம்.
நதியா கடலா என்று தெரியாத தண்ணீரின் ஓரமாக
டாக்சி போனது. தண்ணீர் பழுப்பு.
ஓட்டுநர் ஒரு கையில் மாத்தே குவளை வைத்திருந்தார்,
முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில்
இல்லாத பிரேக்கை நான் மிதித்துக்கொண்டே வந்தேன்.

யாமண்டு என்று சட்டையில் எழுதியிருந்த பையன்
எட்டு நாற்பதுக்குக் கையெழுத்திட்டான்.
நாற்பத்தாறே கால் மணி மீதம்.
சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்றான்,
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு போனான்.
நடைக்கூடத்தில் அவன் செருப்புச் சத்தம்
இருபத்தாறு வரை கேட்டது.
அப்புறம் லிஃப்ட்.

திரும்பும்போது பெட்டியைக் கதிர்ப்பெட்டிக்குள் விட்டார்கள்.
திரையில் ஒரு சதுரம், உள்ளே வெறுமை.
காலி என்றேன். தெரிகிறது என்றார்கள்.
அதை மேலே ஏற்றிவைத்தேன்,
ஒயின் வாங்கிக் குடித்தேன், கண் மூடினேன்.
அட்லாண்டிக் முழுக்க
கால் மட்டும் இருக்கைக்கடியில்
எதையோ துழாவிக்கொண்டிருந்தது.