கட்டாயமில்லை

படிவத்தின் உச்சியிலேயே தடித்த எழுத்து:
பேற்றுத்துணையாளர் சான்றிதழுக்கு
விரும்புவோர் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

ஒட்டுசுட்டான் பணிமனையில்
மின்விசிறிக்குப் படபடத்த தாளை
ஒரு கையால் அமத்திக்கொண்டு எழுதினேன்.
பெயர். அடையாள அட்டை இலக்கம். கிராம அலுவலர் பிரிவு.
துணைநின்ற பேறுகளின் எண்ணிக்கை.

அதில் நின்றுவிட்டேன்.
முப்பத்தெட்டு என்றது வாய்.
கற்சிலைமடுவில் அழாமல் பிறந்ததே,
துவாயில் சுற்றிக் கொடுத்ததை
விடியும்வரை மடியில் வைத்திருந்தாளே தாய்,
அதைச் சேர்க்கிறதா?

எழுதுநர் பெடியனைக் கேட்டேன்.
அவன் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான்.
பின்பக்கம் வெறுமை.
"உங்கட விருப்பம் அக்கா."

முப்பத்தொன்பது.

செல்வநிதி விண்ணப்பிக்கவில்லை.
"நோவுக்கு என்ர கையைத் தெரியும்
முத்திரையைத் தெரியாது" என்றாள்
கச்சான் கோதை ஊதிப் பறக்கவிட்டபடி.
என்னைவிட ஆறு வயது இளையவள்.
கைராசி அவளுக்குத்தான், அது எனக்கும் தெரியும்.

ஐப்பசி மழையோடு அட்டை வந்தது.
என் முகம், இலக்கம், காலாவதித் திகதி.

மாங்குளம் ஆசுப்பத்திரி வாசலில் காவலாளி
முந்தி முகத்தைப் பார்ப்பான்.
இப்போது கழுத்தைப் பார்க்கிறான்.
"கட்டாயமில்லைத்தான் அக்கா,
ஆனா அட்டை இல்லாட்டி விடேலாது."

அன்று நோவெடுத்தவள் தர்மிகா.
ஏழு மாதமாய் அவள் கால்வீக்கம் பார்த்தது செல்வநிதி.
யானை நின்ற வளைவில்
ஆட்டோ விளக்கை அணைத்துக் காத்திருந்தபோது
அவள் வயிற்றில் கைவைத்திருந்ததும் செல்வநிதி.
மூன்று பேர் வந்தோம்.
இரண்டு பேர் உள்ளே போனோம்.

"அந்த அக்கா எங்க?"
கட்டில் இரும்பை இறுக்கிய பிடியில்
என் விரலும் அகப்பட்டிருந்தது.
எனக்கில்லாத கோபமா?
போனை எடுத்து அவள் காதில் வைத்தேன்.

வெளியே பாலைமரத்தடியில் நனைந்துகொண்டு
செல்வநிதி மூச்சுவிட்டாள்.
சொல் இல்லை, மூச்சு மட்டும்.
இழுத்து,
கொஞ்சம் நிறுத்தி,
நீளமாய் விட்டு.
உள்ளே தர்மிகாவும் அப்படியே.
நான் இடுப்பைத் தேய்த்தேன்.
தாதி கண்டும் காணாமல் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

நாலே முக்காலுக்குப் பெட்டைக்குஞ்சு.
அது போட்ட சத்தத்துக்குப்
போன் தேவைப்பட்டிராது.

மாதமுடிவில் பதிவேட்டைக் கேட்டார்கள்.
மொத்தம் என்ற கட்டத்தில்
முப்பத்தொன்பதரை என்று எழுதிக் கொடுத்தேன்.

பெடியன் தாளைத் திருப்பிப்
பின்பக்கம் பார்த்தான்.